எங்கள் கீப்பர் சைக்கிளில் இருந்து விழவில்லை

செயலாளர் அண்ணே, விழா மலரில் நீங்கள் எழுதியிருப்பது பொய். தெரியாமல் எழுதிய பொய்யும் இல்லை. நடந்தது முழுக்கத் தெரிந்த மூன்று பேரில் நீங்கள் ஒருவர்.

மலரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் எங்கள் டீமுக்குப் போன மாதம் ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோல் பதனிடுகிற பட்டறையில், எங்கள் பேச்சில் தோல் ஷாப்பில், வேலை பார்த்த ஆட்கள் ஆரம்பித்த டீம் அது. அப்போதே கால்பந்து, கிரிக்கெட் ரெண்டும் ஆடியிருக்கிறார்கள். மேடையில் ரெண்டு பழைய போட்டோ வைத்திருந்தார்கள். ஒன்றில் பதினொரு பேர் பந்தோடு நிற்கிறார்கள். இன்னொன்றில் அதே பதினொரு பேர் மட்டையோடு நிற்கிறார்கள். சட்டைகூட மாற்றவில்லை. அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது. நான் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

விழாவில் எல்லாருக்கும் மலர் கொடுத்தார்கள். அதில் எங்கள் காலத்து ஆட்டக்காரர்களைப் பற்றி டீம் செயலாளர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவர்தான் எங்கள் கேப்டன். யார் பேரையும் போடவில்லை. ஆனால் கீப்பரைப் பற்றி ரெண்டு வரி இருக்கிறது. நல்ல கீப்பராம். குடிப்பழக்கத்தால் சைக்கிளில் இருந்து விழுந்து, முழங்கால் போய், ஆட்டத்தை இழந்தாராம். இளைஞர்களுக்கு இது பாடமாம்.

பேர் போடாவிட்டால் என்ன? கால்பந்தில் கோல் கீப்பர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர், ரெண்டுக்கும் எங்களிடம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

அந்தப் பக்கத்தை யாரோ போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி அது கீப்பருடைய மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தது. உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டது.

"மாமா, நீங்க எங்க அத்தாகூட ஆடினவரு. பொய் சொல்லாம சொல்லுங்க. எங்க அத்தா குடிப்பாரா?"

"யார்ம்மா சொன்னது?"

"எங்க மாமியார் போனை நீட்டி, ஒங்க அத்தா பெரிய பிளேயராமேன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. சைக்கிள்ல இருந்து விழுந்தாருன்னு எங்களுக்கும் சின்னப் பிள்ளையில இருந்து சொல்லித்தானே வச்சிருக்காங்க. அதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். அது தலையை ஆட்டிவிட்டுப் போனது. நம்பிப் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. நாற்பது வருடம் தோலைத் தூக்கிப் போட்ட கை இது. கோணலாகத்தான் வரும். படித்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் செம்பட்டிக்கு அந்தப் பக்கம். தக்காளி போட்டு, விலை இல்லாமல் ரோட்டில் கொட்டிய குடும்பம். பதினெட்டு வயதில் தோல் ஷாப் வேலைக்கு வந்தேன். தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எத்தனை தடவை குளித்தாலும் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். டீக்கடையில் டம்ளரைத் தள்ளி வைப்பார்கள். ஆறு மாதம் நான் யாரோடும் பேசாமல் வேலைக்குப் போய் வந்தேன்.

ஒரு நாள் ஈரத் தோலை வண்டியில் தூக்கி வீசிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கிளார்க்காக இருந்த கேப்டன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏலே, தோள் நல்லா இருக்கே. பந்து போடுவியா?"

"கபடிதாண்ணே தெரியும்."

"கபடியா? அப்பச் சரி. காலையில கிரிக்கெட்டுல பவுலிங். சாயந்தரம் ஃபுட்பால்ல பேக்கு. வாரவன விடக் கூடாது, அம்புட்டுதான் வேலை."

அம்புட்டுதான் என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் ஆட்டத்தில் எதிர் டீம் ஆள் பந்தோடு வந்தான். நான் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டேன். விடவே இல்லை. ரெஃப்ரி விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனார். பெனால்டி. எங்கள் கீப்பர் இடது பக்கம் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டு, பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"மாப்ள, இங்க புடிக்கிற வேலை எனக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க. அதையும் நீ பாத்தா நான் என்னத்துக்கு?"

மைதானமே சிரித்தது. திண்டுக்கல்லில் என்னைப் பார்த்து ஆட்கள் சிரித்து, எனக்கும் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய நிமிஷம் வரை அவனுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. அதற்குப் பிறகு மாப்ள என்பதைத் தவிர வேறு பேரில் அவன் என்னைக் கூப்பிட்டதில்லை.

அந்த மைதானத்தில் வாடை கிடையாது. எல்லாரும் அதே வாடை. தோல் தரம் பிரிக்கிறவன், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவன், கறிக்கடைக்காரன், பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மூக்கு இல்லை. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? எல்லாருக்கும்தான் சொல்ல வேண்டும். கேப்டனுக்கும் சேர்த்துத்தான்.

அவருக்கு இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. ஒரு ஊருக்குக் கிரிக்கெட் ஆடப் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாடு அந்த ஊர்க்காரர்கள் போட்டார்கள். பரிமாறிய ஆள் எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் மட்டும் இலையை மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போட்டார். தோல் ஷாப்பில் வேலை என்று நாங்கள் மூன்று பேரும் சொல்லியிருந்தோம். கேப்டன் தன் இலையில் போட்ட சோற்றோடு எழுந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே மற்ற ஏழு பேரும் இலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கீப்பர் மட்டும் மாட்டைப் பார்த்து, "நகண்டுக்க அப்பு, பெரிய டீம் வந்திருக்கு" என்றான். அப்படிப்பட்ட கேப்டன்தான் நீங்கள் அண்ணே. அதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் வயிறு எரிகிறது.

நல்ல ஊர்களும் பார்த்தோம். சேவுகம்பட்டியில் நான் அடித்த பந்து கிணற்றில் விழுந்தது. எதிர் டீம் ஆளே சட்டையோடு குதித்து எடுத்துக் கொடுத்தான், அடித்தது சிக்ஸர் என்றும் ஒத்துக்கொண்டான். அன்றைக்கு ஜெயித்த சில்வர் குடத்தில் இன்னும் என் வீட்டில் தண்ணீர் பிடிக்கிறோம். சிறுமலையில் ஒரு கால்பந்து ஆட்டம். சரிவான தரை. பாதி ஆட்டம் மலை ஏற வேண்டும், பாதி ஆட்டம் மலை இறங்க வேண்டும். பந்து வெளியே போனால் மிளகுக் கொடிக்குள் அரை மணி நேரம் தேட வேண்டும். ஏழு கோல் வாங்கித் தோற்றோம். பஸ்ஸை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடந்தே இறங்கினோம். ஆளுக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தோற்ற டீமுக்கு இப்படி வேறு யார் கொடுப்பார்கள்?

இனி அந்த ஆணி விஷயம்.

எங்கள் மைதானம் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சொந்தமான காலி இடம். யாருக்காவது அடிபட்டுப் பிரச்சினை வந்தால் அன்றைக்கே வேலி போட்டுவிடுவோம் என்று சொல்லித்தான் ஆடவிட்டிருந்தார்கள். இடம் சின்னது. அதனால் கிரிக்கெட் பிட்ச்சின் ஒரு முனை வடக்குப் பக்கத்துக் கோல் போஸ்டுக்கு முன்னால் வந்துவிடும். தரை மோசம் என்பதால் பிட்ச் மேல் தென்னை நார் மேட் விரிப்போம். அது நகராமல் இருக்க ஓரம் முழுக்க ஆணி அடிக்க வேண்டும். கொல்லனிடம் சொல்லிச் செய்த, ஒரு சாண் நீள ஆணி. முப்பத்திரண்டு.

காலையில் கிரிக்கெட். சாயங்காலம் அதே தரையில் கால்பந்து. எங்களில் பாதிப் பேர் வெறுங்கால். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம். கடைசி ஓவர் போட்டவன்தான் ஆணிகளை எண்ணி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். முப்பத்திரண்டு என்று அவன் கத்தும் வரை யாரும் கால்பந்து ஜெர்ஸியைத் தொடக் கூடாது. பசித்தாலும் சரி, இருட்டினாலும் சரி. முன்னோர் வைத்த சட்டம் என்று கேப்டன் சொல்வார். உண்மையில் அவர் வைத்ததுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இழுத்துக்கொண்டே போனது. கடைசி ஓவர் நான்தான் போட்டேன். சாயங்கால ஆட்டத்துக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருந்து வந்த டீம் ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, ஏழு மணிக்கு எங்களுக்குக் கடைசி வண்டிங்க. ஆடறீங்களா, இல்ல நாங்க கெளம்பட்டுங்களா?" என்று அவர்களுடைய ஆள் கேட்டார்.

"செத்த நேரம் பொறுங்க" என்று கேப்டன் சொன்னார். அவசரத்துக்கு அவரும் குனிந்து ஒரு பக்கம் ஆணி பிடுங்கினார். நான் ஒரு பக்கம். அவர் பிடுங்கியதை டின்னில் போட்டார். நான் டின்னுக்குள் கையை விட்டு எண்ணினேன். கண்ணால் பார்க்கவில்லை. கண் எதிர் டீம் மேல் இருந்தது. முப்பத்திரண்டு இருந்தது. கத்தினேன்.

ரெண்டாவது பாதி. எங்கள் கீப்பர் வடக்குப் போஸ்டில் நின்றான். அவர்களுடைய ஃபார்வர்டு தனியாகப் பந்தோடு வந்தான். கீப்பர் வெளியே ஓடி வந்து, முழங்காலை மடக்கிச் சறுக்கிப் பந்தைப் பிடித்தான். பந்தை விடவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. பிடுங்காமல் விட்ட ஒரு ஆணி, வளைந்து பாதி வெளியே நின்றிருக்கிறது. முழங்காலைக் கிழித்து உள்ளே போயிருந்தது.

அந்த ஃபார்வர்டுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அவன் பேர் தெரியாது. தன் ஜெர்ஸியைக் கிழித்துக் கட்டுப் போட்டு, கீப்பர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்ணா, ஒண்ணுமில்லீங்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவர்கள் டீம் கடைசி வண்டியை விட்டுவிட்டு, லாரி பிடித்துப் போனது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

எனக்குப் புரியவில்லை. முப்பத்திரண்டு எண்ணினேன், தரையில் ஒன்று எப்படி இருக்கும்? டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். முப்பத்தோரு மேட் ஆணி. கூட ஒரு சின்ன ஆணி, விரல் நீளம். தோலைப் பலகையில் இழுத்து அடிக்கிற ஆணி. ஸ்கோர் போர்டை வேப்பமரத்தில் மாட்டுவதற்காகத் தோல் ஷாப்பில் இருந்து நானே கொண்டுவந்து கொடுத்த ஆணி.

ஆஸ்பத்திரி வாசலில் கேப்டன் அழுதார். "என் பக்கத்துல ஒண்ணு கொறஞ்சுச்சு. மண்ணுக்குள்ள போயிருக்கும், நாளைக்குத் தேடிக்கலாம்னு நெனச்சேன். எண்ணிக்கை சரியா வரட்டும்னு மரத்துல இருந்த ஆணிய எடுத்து டின்னுல போட்டுட்டேன். என்னைய மன்னிச்சிருங்கடா" என்றார். கேட்டது நானும், கட்டுப் போட்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த கீப்பரும் மட்டும்தான்.

நான் கையை ஓங்கினேன். கீப்பர்தான் என் கையைப் பிடித்தான்.

"விடு மாப்ள. அவரு போட்டாரு, நீ பாக்கல. ரெண்டும் ஒண்ணுதான். யாரு கேட்டாலும் நான் சைக்கிள்ல இருந்து விழுந்தேன். ஆணின்னு தெரிஞ்சா கிரவுண்டு போயிரும். நம்ம டீம்ல எல்லாத்தையும் இதையே சொல்லச் சொல்லிருங்க."

"ஒன் வீட்ல?"

"வீட்லயும் அதேதான். பொம்பளைங்க வாயில ஒரு தடவ போனா தெரு பூரா தெரியும்."

அப்படித்தான் அந்தச் சைக்கிள் வந்தது. எங்களுக்கு மைதானம் மிஞ்சட்டும் என்று அவனே சொன்ன பொய். அவன் மகள் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை. அதற்கும் அதே கதைதான் சொல்லியிருக்கிறான்.

முழங்கால் சேரவில்லை. மடக்க முடியாது. கீப்பருக்கு முழங்கால் மடங்காவிட்டால் ரெண்டு ஆட்டமும் இல்லை. அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இல்லை.

நான் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன். மூன்று வாரம் போகவில்லை. நாலாவது ஞாயிறு காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அதே கீப்பர். காலை நீட்டியபடி, சைக்கிளை ஊன்றிக்கொண்டு தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான்.

"என் காலுதான் போச்சு. ஒனக்கென்ன, கையா போச்சு? பவுலிங்குக்கு ஆள் இல்லாம நிக்கிறானுக. கெளம்பு."

"நான் எந்த மூஞ்சியோட வர?"

"இருக்கிற மூஞ்சியோடதான் வரணும். வேற நல்ல மூஞ்சி வச்சிருக்கியா?"

போனேன். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஆடினேன். எனக்குப் பெண் கொடுத்தது கிரவுண்டில் பழகிய ஒருவர் குடும்பம். என் மகன் வேலைக்குப் போனது அங்கே பழகிய இன்னொருவர் கைகாட்டி. நான் குடிக்கப் போகாமல் இருந்ததற்கும் அந்த ஞாயிறுகள்தான் காரணம். இத்தனையும் அந்த ஒரு சைக்கிள் மணியில் இருந்து வந்தது. கீப்பர் ஒவ்வொரு ஞாயிறும் வேப்பமரத்தடியில் வந்து உட்காருவான். அம்பயராக நிற்பான். ஆணிகளை இனிமேல் நான்தான் எண்ணுவேன் என்று வாங்கிக்கொண்டான். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் டின்னில் போடுவான். ஒரு நாள்கூட எங்கள் ரெண்டு பேரையும் அவன் குத்திக் காட்டியதில்லை. இந்த மாதிரி ஒரு மனுஷன் எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. சும்மாவே கிடைத்தது.

கீப்பர் மகள் வந்து போன மறுநாள் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"பேர் போடலையேப்பா" என்றார்.

"பேர் வேற போடணுமாண்ணே? ஏன் குடின்னு எழுதுனீங்க?"

"இப்ப வார பயலுக குடிச்சிட்டு கிரவுண்டுக்கு வாரானுக. படிச்சா ஒரு பயம் வரட்டுமேன்னு ஒரு வரி சேத்தேன். சைக்கிள்னுதான் நாமளே சொல்லி வச்சிருக்கோம். இம்புட்டு வருஷம் கழிச்சு யாருக்கு என்ன வந்துச்சு?"

பிறகு கீப்பரிடம் போனேன். செருப்புக்கு வேண்டிய தோல் துண்டும் சோலும் விற்கிற கடை வைத்திருக்கிறான். துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"விடு மாப்ள. நான் குடிக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். ஒம் மகளுக்குத் தெரியலையே. எங்கிட்ட வந்து கேட்டுட்டுப் போகுது."

அவன் கை நின்றது. கையில் இருந்த துண்டை எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாதவன் மாதிரி வைத்துக்கொண்டே இருந்தான்.

"அவ கேட்டாளா?" என்றான். துண்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட கேக்கலையே" என்றான்.

அவன் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தை அன்றைக்குக்கூடப் பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது சொன்னான். "எழுதணும்னா எழுது. ஆனா எண்ணினது நீன்னும் எழுதணும். அவர மட்டும் மாட்டிவிட்டுட்டு நீ தப்பிச்சா, நான் ஒங்கூடப் பேச மாட்டேன்."

எழுதிவிட்டேன். எண்ணியது நான். பார்க்காமல் எண்ணினேன். மகளே, உன் அத்தாவுடைய முழங்காலுக்கு நானும் பொறுப்பு. இத்தனை வருடம் உன் வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு இதைச் சொல்லாமல் இருந்தேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை. மைதானத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம் அந்த இடத்தை ஊருக்கே எழுதிக் கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. யாரும் வேலி போட வர மாட்டார்கள்.

செயலாளர் அண்ணே, இப்போது உங்கள் முறை. மறுப்பு என்று அடுத்த மலரில் மூலையில் ஒரு வரி போடுகிற வேலை வேண்டாம். எனக்குப் போனில் சொல்லவும் வேண்டாம். அந்த விழா நடந்த மண்டபத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட்டம் போடுங்கள். டீம் முழுக்க வரட்டும், நீங்கள் பாடம் சொல்ல நினைத்த இளவட்டங்களும் வரட்டும். கீப்பருடைய மகளையும், அவள் மாமியார் வீட்டு ஆட்களையும் நான் கூட்டி வருகிறேன். முன்வரிசையில் உட்காருவார்கள். மைக்கைப் பிடித்து ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எங்கள் கீப்பர் ஒரு நாளாவது குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆமாம் அல்லது இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.